வீட்டு ஷிப்டுக்குப் பதிலி யார்?

ஆலையில் ரிங் பிரேமில் நிற்கும் தொழிலாளிக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் என்ன நடக்கிறது? பதிலி வருகிறான். சைடு காலியாக இருப்பதில்லை. நூல் ஓடிக்கொண்டே இருக்கிறது. பதிலிகளை வருஷக் கணக்கில் பதிலிகளாகவே வைத்து வயிற்றில் அடிக்கும் முதலாளிகளை எதிர்த்து நாம் போராடி வருகிறோம். அது வேறு விஷயம். ஒருவர் களைத்தால் இன்னொருவர் வந்து நிற்க வேண்டும் என்ற ஏற்பாடாவது அங்கே இருக்கிறது.

அந்தத் தொழிலாளி ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வருகிறார். உள்ளே கட்டிலில் அவருடைய தாயார் படுத்திருக்கிறார். பாரிசவாயு வந்து இரண்டு வருஷமாகிறது. அந்தத் தாயாருக்குக் கஞ்சி ஊட்டி, மலஜலம் எடுத்து, உடம்பு துடைத்து, இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைத்து, இரவில் முனகல் கேட்டால் எழுந்து உட்காரும் பெண் ஒருத்தி அந்த வீட்டில் இருக்கிறாள். அவளுக்குப் பகல் ஷிப்டு, அரை ஷிப்டு, ராத்திரி ஷிப்டு எல்லாம் ஒன்றுதான். வார விடுமுறை இல்லை. கூலி இல்லை. அவள் களைத்தால் அவளுக்குப் பதிலி யார்?

இந்தக் கேள்வியைத்தான் இந்த வாரம் தோழர்கள் முன் வைக்கிறேன். இதற்கும் தேகப்பயிற்சிக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. அது என்னவென்று சொல்ல என் வீட்டுக் கதையிலிருந்தே ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. பிறர் வீட்டைப் பற்றி எழுதுவது சுலபம். ஆனால் குற்றம் என் வீட்டில் இருந்தது.

என் வீட்டில் நடந்தது

என் தாயார் நாற்பது வருஷம் பிறர் காட்டில் களை வெட்டியவர். 2021 மார்கழியில் ஒரு விடியற்காலை வாசல் தெளிக்கப் போனவர் கீழே விழுந்தார். வலது கை, வலது கால் இரண்டும் போயின. ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்றைக்குப் படுத்தவர் இன்றும் படுக்கையில்தான் இருக்கிறார்.

என் மனைவி அதுவரை பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கம்பெனி வண்டி வந்து நிற்கும் இடத்துக்கு ஒன்றரை மைல் நடப்பாள். மாலையில் அதே ஒன்றரை மைல் திரும்பி நடப்பாள். கூட நாலைந்து பெண்கள் பேசிக்கொண்டே வருவார்கள். தாயார் படுத்த மறுநாளே அந்த வேலை நின்றது. யார் நிற்பது என்று வீட்டில் ஒரு பேச்சுக்கூட நடக்கவில்லை. நான் நிற்பேனா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்குச் சங்க வேலை இருந்தது.

2023 ஆவணியில் ஒரு நாள் தாயாரைத் தூக்கி உட்கார வைக்கும்போது என் மனைவியின் இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா பொறுமையாகப் பார்த்தார். இடுப்பு மட்டுமல்ல, ரத்தக் கொதிப்பும் ஏறியிருக்கிறது என்று சொன்னார். மாத்திரை எழுதினார். “வலி அடங்கியதும் தினம் அரைமணி நேரம் வேகமாக நடக்க வேண்டும், அம்மா” என்றார்.

அங்கே தலையை ஆட்டிவிட்டு வந்தவள் பஸ்ஸில் என்னிடம் சொன்னாள்: “ஏனுங்க, அரைமணி நேரம் எந்தக் கடைல விக்கறாங்கன்னு டாக்டரம்மாவையே கேட்டுட்டு வந்திருக்கலாமில்லீங்க?”

இந்த ஒரு வாக்கியம் என்னை அடித்தது போல வேறு எந்த எதிரியின் பிரசங்கமும் என்னை அடித்ததில்லை. எட்டு மணி நேர வேலையைப் பற்றி எத்தனை மேடைகளில் பேசியிருப்பேன்! எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி தூக்கம் என்பது நம் முன்னோர் ரத்தம் சிந்திக் கேட்ட கோரிக்கை. என் வீட்டில் ஒருத்தி அரைமணிக்கு வழியில்லாமல் இருந்தாள். அது எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். தெரிந்தும் கவனிக்கவில்லை.

அவள் பதினோரு நாள் எழுந்திருக்கக் கூடாது என்றாயிற்று. அந்தப் பதினோரு நாளும் நான்தான் தாயாரைக் கவனித்தேன். முதல் நாளே என் கழுத்தும் முதுகும் கழன்றன. மூன்று இரவு சேர்ந்தாற்போல் தூங்கவில்லை. நாலாம் நாள் பெற்ற தாயைப் பார்த்துக் கத்திவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். பதினோரு நாளில் எனக்கு இந்த கதி என்றால், இருபது மாதம் அதைச் செய்தவளின் தேகமும் மனமும் என்னவாகியிருக்கும்?

“வேலையே பயிற்சிதானே?”

இந்த விஷயத்தைத் தோழர்களிடம் சொன்னபோது இரண்டு விதமான பதில் வந்தது. ஒரு தோழர் சொன்னார்: “காலையிலிருந்து ராத்திரி வரை பம்பரமாய்ச் சுற்றுகிறாள். அவளுக்குத் தேகப்பயிற்சி எதற்கு? வேலையே பயிற்சிதானே?” இன்னொருவர் சிரித்தார்: “நடைப்பயிற்சி பங்களாக்காரர்களின் சமாசாரம். தின்றது செரிக்காதவன் நடக்கிறான். நமக்கு எதற்கு?”

இரண்டும் நம்மிடையே பரவலாக இருக்கும் அபிப்பிராயங்கள். இரண்டும் தவறு. ஏன் தவறு என்று பார்ப்போம்.

நோயாளியைக் கவனிக்கும் வேலையில் மூன்று காரியங்கள் இருக்கின்றன. ஒன்று தூக்குவது. இரண்டு குனிந்து நிற்பது. மூன்று காத்துக் கிடப்பது. தூக்குவது ஒரு நொடியில் இடுப்பின் மேல் முழுப் பளுவையும் ஏற்றுகிறது. குனிந்து நிற்பது முதுகையும் முழங்காலையும் தேய்க்கிறது. காத்துக் கிடப்பதில் உடம்பு அசைவதே இல்லை. ஆனால் மனம் ஓய்வதும் இல்லை. கட்டிலை விட்டு நாலடி தள்ளிப் போகாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறாள். இந்த மூன்றிலும் களைப்பு வருகிறது. ஆனால் நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் வேண்டிய, கால் தொடர்ந்து ஓடுகிற, மூச்சு சற்றே வாங்குகிற அசைவு வருவதில்லை.

கால் அசைவது எவ்வளவு முக்கியம் என்பதைத் தொழிலாளிகளை வைத்தே கண்டுபிடித்தார்கள். லண்டன் நகரத்தில் இரண்டு அடுக்குப் பஸ்கள் ஓடின. டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் இந்த இருவரையும் ஒப்பிட்டு 1953-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே கம்பெனி, ஒரே பஸ். ஆனால் கண்டக்டர்களைவிட டிரைவர்களுக்கு இருதய நோய் அதிகம் என்று தெரிந்தது. தேக அசைவும் இருதயமும் பற்றிய ஆராய்ச்சிக்கு அது ஒரு தொடக்கம்.

அப்படியானால் எந்த வேலையும் நல்லதுதானா? இல்லை. டென்மார்க் முதலிய நாடுகளில் ஆராய்ந்தவர்கள் இன்னொரு விஷயத்தைச் சொல்லி வருகிறார்கள். வேலையில் பளு தூக்குவதும் நெடுநேரம் ஒரே இடத்தில் நிற்பதும், நம் இஷ்டத்துக்கு நடக்கும் நடையும் இருதயத்துக்கு ஒன்றல்ல என்கிறார்கள். வேலையில் நாம் வேகத்தைத் தீர்மானிப்பதில்லை. நடுவில் ஓய்வு எடுப்பதும் நம் கையில் இல்லை. இதில் நிபுணர்களிடையே விவாதம் இன்னும் நடக்கிறது. ஆனால் சைடு பார்ப்பவருக்கும், மூட்டை தூக்குபவருக்கும், நாற்று நடுபவருக்கும் அதன் சாரம் விளங்காமல் போகாது. பிறர் விதித்த வேகத்தில் தேய்வது வேறு. நம் மூச்சுக்கு ஏற்றபடி அசைவது வேறு.

வயல்காட்டுப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். மாமனார் படுத்தது முதல் அவள் நடவுக்குப் போகவில்லை. கூலி போயிற்று என்பது எல்லோருக்கும் தெரிகிறது. கூடவே வயலுக்குப் போய்வரும் நடையும் போயிற்று. வரப்பில் நாலு பெண்களோடு பேசிச் சிரிக்கும் பேச்சும் போயிற்று. இந்த நஷ்டத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

சர்க்காரின் புள்ளிவிவர இலாகா 2024-ல் நாடு முழுவதும் ஜனங்கள் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் தினம் சராசரி 289 நிமிஷம் அதில் செலவிடுகிறார்கள். ஈடுபடுகிற ஆண்கள் 88 நிமிஷம். வீட்டிலுள்ளவர்களைக் கவனிப்பதில் ஈடுபடுகிற பெண்கள் 137 நிமிஷம். ஆண்கள் 75 நிமிஷம். 2019-ல் எடுத்த கணக்கும் ஏறக்குறைய இதே கதைதான். அப்போது வீட்டு வேலையில் பெண்களுக்கு 299, ஆண்களுக்கு 97. ஐந்து வருஷத்தில் நாம் திருந்தியது இவ்வளவுதான்.

உலகம் முழுவதிலும் இதே நிலை. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2018-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, கூலியில்லாத கவனிப்பு வேலையில் ஒரே நாளில் 1,640 கோடி மணி நேரம் செலவாகிறது. அதில் நான்கில் மூன்று பங்குக்குமேல் பெண்களின் உழைப்பு.

இந்த உழைப்பு தேகத்தை என்ன செய்கிறது? அமெரிக்காவில், நோயுற்ற கணவனையோ மனைவியையோ கவனித்து வந்த முதியவர்களை நான்கு வருஷம் தொடர்ந்து கவனித்து 1999-ல் ஒரு ஆராய்ச்சி வெளியாயிற்று. கவனிப்பதால் மனச்சுமை அடைந்தவர்கள் அந்தக் காலத்தில் இறக்கும் அபாயம், அந்த வேலை இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். நோயாளிக்கு முன்னால் கவனிக்கிறவர் போய்விடுகிற வீடுகள் நம் தெருவிலேயே உண்டு. “அவன் விதி” என்று சொல்லிவிடுகிறோம். விதி அல்ல, அளவுக்கு மீறிய சுமை.

இனி நம்பிக்கை தரும் செய்தி. மறதி நோய் கண்ட உறவினரை வீட்டில் கவனித்து வந்த சுமார் நூறு பெண்களை வைத்து அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. 2002-ல் அதன் முடிவு வந்தது. அவர்களில் ஒரு பாதியினர் வாரத்துக்கு நான்கு நாள், அரைமணி முதல் நாற்பது நிமிஷம் வரை, பெரும்பாலும் வேகநடை பழகினார்கள். யாரும் பயிற்சிக் கூடத்துக்குப் போகவில்லை. டெலிபோனில் பேசி ஊக்கம் கொடுத்தார்கள். ஒரு வருஷத்தில் அவர்களுடைய தூக்கம் மேம்பட்டது. மனம் பதறும் வேளையில் ரத்தக் கொதிப்பு ஏறுவதும் குறைந்தது. பங்களா வேண்டியிருக்கவில்லை. விலையுயர்ந்த கருவி வேண்டியிருக்கவில்லை. வேண்டியிருந்தது நேரமும், விசாரிக்க ஒரு குரலும்தான்.

எவ்வளவு போதும்? என்ன செய்யலாம்?

உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் வெளியிட்ட அளவு இது: வயது வந்தவர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் வரை நடுத்தரமான வேகத்தில் அசைய வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுத் தரும் பயிற்சி செய்ய வேண்டும். தினம் அரைமணி வீதம் ஐந்து நாள் நடந்தால் 150 நிமிஷம் ஆகிவிடும். ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்பதும் இல்லை. முன்பு பத்து நிமிஷத்துக்குக் குறைந்தது கணக்கில் சேராது என்றார்கள். இப்போது ஐந்து நிமிஷமும் சேரும் என்கிறார்கள். ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிடக் கொஞ்சம் செய்வது நல்லது என்பதே அதன் சாரம்.

நடுத்தர வேகம் என்றால் என்ன? நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அவ்வளவுதான் அளவுகோல்.

வலுவுக்குக் கருவி எதுவும் வேண்டாம். ஆடாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மறுபடி உட்காருவது பத்துத் தடவை. சுவரில் இரு கையையும் வைத்து உடம்பைச் சுவர்ப்பக்கம் சாய்த்துத் தள்ளுவது பத்துத் தடவை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது பத்துத் தடவை. உலை கொதிக்கும் நேரத்தில் இவற்றைச் செய்துவிடலாம். தொடையிலும் வயிற்றுத் தசையிலும் வலு வந்தால், தூக்கும்போது இடுப்பு தனியாகப் பளுவைத் தாங்க வேண்டியதில்லை.

தூக்கும் முறையும் உண்டு. நோயாளியின் தோளிலிருந்து தொடை வரை ஒரு பழைய வேட்டியை நாலாக மடித்து அடியில் விரித்து வைக்க வேண்டும். இரண்டு பேர் இரண்டு பக்கமும் அதன் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டும். தனியாள் அக்குளில் கைகொடுத்து இழுக்கவே கூடாது. அது நோயாளியின் தோளுக்கும் கேடு, இழுப்பவரின் இடுப்புக்கும் கேடு. முழங்காலை மடக்க வேண்டும், முதுகை வளைக்கக் கூடாது. பளுவை உடம்பை ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். தூக்கியபடி இடுப்பைத் திருப்பக் கூடாது. காலை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் ஆடாத மரக்கட்டை வைத்து உயர்த்திக்கொள்ளலாம். ஆலையில் பளு தூக்கியவர்களுக்கு இதில் பாதி தெரிந்ததுதான். தெரிந்ததை வீட்டில் சொல்லிக் கொடுத்தோமா?

ஒரு எச்சரிக்கை. நடக்கும்போது நெஞ்சு வலி, தலை சுற்றல், அளவுக்கு மீறிய மூச்சுத் திணறல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, இருதய நோய், கர்ப்பம் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டே ஆரம்பிப்பது நல்லது.

முதல் பதிலி ஆண்பிள்ளை

இவ்வளவும் சரி. ஆனால் “நட” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், பட்டினி கிடப்பவனிடம் “சத்தாகச் சாப்பிடு” என்று சொன்னது போலத்தான். கூலியைக் கேட்டு வாங்காமல் சோறு வராது. நேரத்தைக் கொடுக்காமல் நடை வராது.

1948-ல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரைமணியாவது ஓய்வு தர வேண்டும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை வேண்டும் என்று அதில் எழுதப்பட்டது. முதலாளியின் தயவால் அது வரவில்லை. தொழிலாளிக்கும் தேகம் உண்டு, அது ஓய்வு கேட்கும் என்று நாம் வற்புறுத்தியதால் வந்தது. அந்த நியாயத்தை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு உள்ளே போகலாமா?

எங்கள் வீட்டில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். பெரிய சாதனை ஒன்றுமில்லை. மாலை ஐந்தரையிலிருந்து ஆறேகால் வரை தாயார் என் பொறுப்பு. அந்த நேரத்தில் வரும் டெலிபோனை எடுப்பதில்லை. கமிட்டிக் கூட்டத்துக்கு நான் தாமதமாக வருகிறேன் என்று சில தோழர்கள் முணுமுணுத்தார்கள். காரணத்தைச் சொன்னேன், கூட்டத்தை ஆறரைக்கு மாற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை என் தம்பியின் முறை. ராத்திரிப் புரட்டலில் ஒன்று என்னுடையது. பள்ளிக்கூடம் போகிற மகனைத் தூங்க விட்டோம்.

முதல் வாரம் என் மனைவி வாசலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டாள். ஊர் பேசியது. “மாமியாரைக் கட்டில்ல போட்டுட்டு ரோட்டுல உலாத்தறா” என்றார்கள். இப்படிப் பேசியவர்களில் பெண்களும் உண்டு. அவளுடைய கூச்சத்தைத் தீர்த்தது என் பேச்சல்ல, என் தாயாரின் பேச்சு. வாய் கோணிப்போன அந்த மனுஷி, எழுத்து எழுத்தாகச் சொன்னார்: “போயிட்டு வா கண்ணு. நான் எங்க ஓடியா போறேன்?”

இன்று அவளோடு இன்னும் ஆறு பெண்கள் நடக்கிறார்கள். அவர்களில் மூன்று பேர் வீட்டில் படுத்த நோயாளி உண்டு. என் மனைவியின் இடுப்பு வலி முழுதும் போய்விடவில்லை. கொதிப்பு மாத்திரையும் நிற்கவில்லை. தூக்கம் வருகிறது என்கிறாள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்திருக்கிறாள். நடந்துவிட்டு வரும்போது தெருமுனையில் அவள் சிரிப்பு கேட்கிறது. இரண்டு வருஷம் அந்தச் சிரிப்பு எங்கே போயிருந்தது என்று நான் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது பதிலி சங்கம்

எல்லா வீட்டிலும் ஒரு தம்பி இருக்க மாட்டான். கணவனை இழந்தவள் தனியாகத் தகப்பனைக் கவனிக்கும் வீடு உண்டு. கணவனே படுக்கையில் கிடக்க, மனைவி கூலிக்கும் போய் அவனையும் பார்க்கும் வீடு உண்டு. மனைவியை நோயில் பறிகொடுக்காமல் காக்க வேலையை விட்டு உட்கார்ந்திருக்கும் ஆண்களும் உண்டு. அவர்களையும் மறக்கக் கூடாது. இவர்களுக்கெல்லாம் பதிலி யார்?

இங்கேதான் சங்கம் வர வேண்டும். ஒவ்வொரு கிளையும் தன் லைனில், தன் சேரியில், தன் தெருவில் படுத்த நோயாளி உள்ள வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கட்டும். வேலை நிறுத்த காலத்தில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று நமக்குத் தெரியும். எந்த வீட்டில் ஒருத்தி மூன்று வருஷமாக வாசலைத் தாண்டவில்லை என்று தெரியுமா? வாரத்தில் இரண்டு மாலை, ஒரு மணி நேரம் உட்கார்ந்து கொள்ள ஒரு ஆளைச் சங்கம் அனுப்பினால் போதும். ஓய்வுபெற்ற தொழிலாளிகள் எத்தனை பேர் டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்கள்! அந்தப் பேப்பரை நோயாளியின் கட்டிலருகில் உரக்கப் படித்தால் இருவருக்கும் நல்லது.

இது நடக்கக்கூடிய காரியம்தான். கேரளத்தில் வலி தணிப்பு இயக்கம் 1993-ல் கோழிக்கோட்டில் சிறிதாகத் தொடங்கியது. மலப்புரம் முதலிய ஜில்லாக்களில் சாதாரண ஜனங்களே பயிற்சி பெற்று, தீராத நோயில் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார்கள். 2008-ல் ராஜ்ய சர்க்கார் அதைத் தன் கொள்கையாக அறிவித்து, பஞ்சாயத்துகளின் பொறுப்பில் கொண்டுவந்தது. டாக்டர்கள் மட்டுமே செய்திருந்தால் அது ஆஸ்பத்திரிக்குள் நின்றிருக்கும். அண்டை வீட்டார் கை கொடுத்ததால் ஊருக்குள் வந்தது.

மூன்றாவது பதிலி சர்க்கார்

“அப்படியானால் சர்க்கார் செய்ய வேண்டியதை நம் தலையிலேயே சுமக்கச் சொல்கிறீர்களா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வீட்டில் முறை மாற்றிக்கொள்வதும் சங்கம் உதவுவதும் சர்க்காரின் கடனைத் தீர்த்துவிடாது. இந்தப் பெண்கள் வீட்டில் செய்யும் வேலையை ஆஸ்பத்திரியில் செய்வதென்றால் எத்தனை நர்சுகள், எத்தனை படுக்கைகள் வேண்டும்! அந்தச் செலவை மிச்சம் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பவள் அவள்தான்.

அவள் வீட்டில்தானே இருக்கிறாள் என்ற நினைப்பு இங்கே மட்டுமல்ல. பிரிட்டனில் நோயாளியைக் கவனிப்பவர்களுக்கு 1976-ல் ஒரு உதவித்தொகை வந்தது. கல்யாணமான பெண்களுக்கு மட்டும் கிடையாது என்றார்கள். எப்படியும் வீட்டில் இருக்கப் போகிறவர்கள்தானே என்பது காரணம். தாயைக் கவனிக்க வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் என்ற பெண் வழக்காடினார். 1986-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கல்யாணமான பெண்களுக்கும் கதவு திறந்தது. ஒரு பெண் “இதுவும் வேலைதான்” என்று விடாமல் நின்றதால் கிடைத்தது அது.

நம் நாட்டில் ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்த தொழிலாளிக்குத் தனக்கு நோய் வந்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்தில் 91 நாள் வரை கிடைக்கும். தாய்க்குப் பணிவிடை செய்ய ஒரு நாள் நின்றால் அந்த நாளுக்கு அதில் பணம் இல்லை. கேரளத்தில் ஆஸ்வாஸகிரணம் என்ற திட்டம் படுத்த நோயாளியைக் கவனிப்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்று வைத்தது. தொகை சிறிதுதான். ஆனாலும் நோயாளிக்குப் பக்கத்தில் இன்னொரு மனுஷி இருக்கிறாள் என்று சர்க்கார் பதிவேட்டில் எழுதப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் “மக்களைத் தேடி மருத்துவம்” தொடங்கியது. கொதிப்பு, நீரிழிவு மாத்திரை வீடு தேடி வரும். படுத்த நோயாளிக்குப் பயிற்சி கொடுப்பவரும் நர்சும் வீட்டுக்கு வருவார்கள் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. அதைக் கேட்டு வாங்குவோம்.

அதோடு நாம் கேட்க வேண்டியவை இவை:

வீட்டுக்கு வரும் ஊழியர் நோயாளியை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல், கவனிப்பவரின் ரத்தக் கொதிப்பையும் பார்க்க வேண்டும். தூக்கும் முறையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பகலில் சில மணி நேரம் நோயாளியை ஒப்படைக்கக் கூடிய பராமரிப்பு இல்லம் ஒவ்வொரு ஒன்றியத்திலும் வேண்டும்.

கவனிப்பவருக்கு, அவர் கையிலேயே, மாதப்படி வேண்டும்.

ஆலை ஒப்பந்தங்களில், வீட்டு நோயாளிக்காகச் சம்பளத்தோடு கூடிய லீவு ஒரு கோரிக்கையாக எழுதப்பட வேண்டும்.

பெண்கள் பயமின்றி நடக்கத் தெருவிளக்கு எரிய வேண்டும். ரோட்டோரம் நடக்க இடம் வேண்டும்.

கடைசிக் கோரிக்கை சிறிது என்று நினைக்காதீர்கள். எங்கள் தெருவில் நடக்கும் ஏழு பேரும் முதலில் கேட்டது அதைத்தான்.

தோழர்களே! சர்க்காரிடம் கேட்பதைக் கேட்போம். சங்கத்தில் பேசுவதைப் பேசுவோம். ஆனால் அவை வரும் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு காரியம் இருக்கிறது. இந்தப் பத்திரிகையைப் படித்து முடித்ததும் மடித்து வையுங்கள். கட்டிலருகில் உட்கார்ந்திருக்கும் மனுஷியிடம் போய், “நீ போய் ஒரு நடை நடந்துவிட்டு வா. நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடாதீர்கள். அவள் எழுந்த இடத்தில் நீங்கள் உட்காருங்கள்.

அவளுக்கு முதல் பதிலி நீங்கள்தான்.